பரம்பரையில் இருக்கிறது என்றால், எவ்வளவு இருக்கிறது?

அக்கா மகளுக்கு ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பூ வைக்க நாள் குறிக்கும் அளவுக்கு வந்த சம்பந்தம் திடீரென்று நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை. தரகர்தான் அக்காவைத் தனியே அழைத்து, "பெண்ணின் தாய்மாமன் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாராமே, பரம்பரையில் இருக்கிறதே என்று யோசிக்கிறார்கள்" என்றார். அந்தத் தாய்மாமன் என் அண்ணன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மனச்சிதைவு வந்தது. மருத்துவர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்று சீட்டில் எழுதும் நோய். அக்கா அழுது ஓய்ந்துவிட்டார். எனக்குத்தான் அந்த வாக்கியம் செரிக்கவே இல்லை. பொய்ப்பழி என்றால் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பேன். அவர்கள் சொன்னது பொய்யல்ல. மனச்சிதைவில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை எந்த மனநல மருத்துவரும் மறுக்க மாட்டார். நகை எத்தனை பவுன், நிலம் எத்தனை சென்ட் என்று அளந்து கேட்டவர்கள், இதில் மட்டும் எவ்வளவு என்று கேட்காமல் எழுந்து போய்விட்டார்கள். அதுதான் முள்ளாக நின்றது.

அந்த 'எவ்வளவு' என்பதற்குப் பதில் உண்டு. ஐரோப்பியக் குடும்பங்களில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளை இர்விங் காட்டஸ்மன் என்ற உளவியலாளர் 1991-ல் ஒன்றுதிரட்டினார். பொதுமக்களில் 100 பேருக்கு ஒருவர் என்ற அளவில் வரும் இந்த நோய், நோயாளியின் உடன்பிறந்தவர்களில் 100-க்கு 9 பேருக்கும், பிள்ளைகளில் 13 பேருக்கும், மருமக்களில், அதாவது அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளில், 4 பேருக்கும் வருகிறது. என் அக்கா மகள் நிற்கும் இடம் அந்த 4. அவளைப் போன்ற 100 பெண்களில் 96 பேருக்கு வாழ்நாள் முழுவதும் இந்த நோய் வராது. பிற்காலத்தில் பெரிய பதிவேடுகளை வைத்துச் செய்த கணக்குகள் பலவற்றில் இந்த எண்கள் இன்னும் குறைந்தே வந்தன. இதே தொகுப்பில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இன்னொரு செய்தி: மனச்சிதைவு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நெருங்கிய உறவில் வேறு யாருக்கும் அந்த நோய் இல்லை. பரம்பரையில் இல்லாத குடும்பம் என்று தேடிப் போகிறவர்கள் எதைக் கண்டு நிம்மதி அடைகிறார்கள்?

மரபின் பங்கு 80 சதவீதம் என்று எங்கோ படித்துவிட்டு, அப்படியானால் பிள்ளைக்கு வர 80 சதவீத வாய்ப்பு என்று பொருள் கொள்பவர்களைப் படித்தவர்களிடையேயும் பார்க்கிறேன். 2018-ல் டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டை வைத்து வெளியான ஆய்வு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நல்ல உதாரணம். அதில் மரபின் பங்கு 79 சதவீதம் என்று வந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது 33 சதவீதம்தான் என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. முதல் எண் ஒரு மக்கள்தொகையைப் பற்றியது. அந்த மக்களிடையே நோய்க்கான வாய்ப்பில் காணப்படும் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பகுதி மரபு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதை அது சொல்கிறது. இரண்டாவது எண் ஆட்களைப் பற்றியது. மரபணுத் தொகுப்பு முழுவதையும் பகிர்ந்துகொண்டவரே மூன்றில் இரண்டு தடவை தப்பிவிடுகிறார் என்றால், அதில் கால் பங்கை மட்டும் பகிரும் மருமகளைப் பற்றி என்ன சொல்ல?

ஸ்கேனில் தெரியாதது

அண்ணனுக்கு நோய் தொடங்கிய காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அந்தப் பெரிய கறுப்புப் படத்தை அப்பா கூடத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தார். ரிப்போர்ட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று இருந்தது. "மூளையில் ஒன்றும் இல்லையென்றால் பிறகு எங்கேதான் இருக்கிறது?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வேதனை இருந்தது. வளர்ப்பு சரியில்லை, தாய் கண்டிப்பாக வளர்த்ததால் பிள்ளை இப்படி ஆகிவிட்டான் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். உறவினர்கள் மட்டுமல்ல, ஒரு காலத்தில் மனநல மருத்துவமே அப்படித்தான் பேசியது. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுதினார், அது பல ஆண்டுகள் கோலோச்சியது. 1966-ல் லியனார்ட் ஹெஸ்டன் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து சில நாள்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிக் கண்டார். அவர்களில் 5 பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட, அதேபோல் பிரிந்து வளர்ந்தாலும் தாய்க்கு இந்த நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. வளர்ப்பின் மீது போட்ட பழியை இறக்கி வைத்தது மரபியல்தான். என் அம்மா அது தெரியாமலே காலமாகிவிட்டார்.

மூளையில் எங்கே இருக்கிறது என்ற அம்மாவின் கேள்விக்கு இன்று ஓரளவு விடை இருக்கிறது. எனிக்மா என்ற உலகளாவிய கூட்டமைப்பு 2016-ல் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மூளைப் படங்களை, நோயில்லாத 2,500 பேரின் படங்களோடு ஒப்பிட்டது. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி நோயாளிகளுக்குச் சராசரியாகச் சிறியதாக இருந்தது. ஆனால் அந்த வேறுபாட்டின் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயாளி ஒருவரையும் நோயில்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், 100-ல் 63 தடவை நோயாளியின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருக்கும். மீதி 37 தடவை பெரியதாக இருக்கும். ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கினால் தெரிகிற வேறுபாடு, ஒரு படத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் தெரியாது. அப்பாவும் அந்த ரேடியாலஜிஸ்டும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் நான் எதிர்பாராதது வந்தது. ஹிப்போகாம்பஸின் அளவை மாற்றும் மரபு வேறுபாடுகளும், மனச்சிதைவின் வாய்ப்பைக் கூட்டும் மரபு வேறுபாடுகளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அதே 2016-ல் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, மூளையின் உட்பகுதிகளின் அளவைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட பொருத்தம் கிடைக்கவில்லை. சிறுத்துப்போன பகுதி நோயின் காரணமா, நோயோடு வாழ்ந்ததன் விளைவா, மருந்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்விகள் அங்கேயே கிளம்பிவிடுகின்றன. 2020-ல் 50,000-க்கும் மேற்பட்டோரின் மூளைப் புறணியை, அதாவது மூளையின் வெளியடுக்கை, அளந்த ஆய்வு, அதன் பரப்பையோ தடிமனையோ மாற்றும் மரபணு இடங்கள் ஏறக்குறைய 200 என்று சொன்னது. பரப்பைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கருவில் மூளை உருவாகும்போதே வேலை செய்பவை. தடிமனோடு தொடர்புடையவை வளர்ந்த மூளையில் இயங்குபவை. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

பங்கு பெரியதாக இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. 16-ஆம் குரோமோசோமில் 16பி11.2 என்று குறிக்கப்படும் ஒரு சிறு துண்டில் ஏறத்தாழ 30 மரபணுக்கள் இருக்கின்றன. அந்தத் துண்டின் ஒரு பிரதி பிறவியிலேயே விடுபட்டுப்போனால் தலை பெரிதாகவும், உடல் பருமனாகவும், ஆட்டிசத்துக்கான வாய்ப்பு கூடுதலாகவும் ஆகிறது. அதே துண்டு ஒன்று கூடுதலாக இருந்தால் தலை சிறியதாகவும், உடல் மெலிந்தும், மனச்சிதைவுக்கான வாய்ப்பு பல மடங்காகவும் மாறுகிறது. ஒரே இடம், அளவு கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம். மரபணு மூளையை வடிவமைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் படித்தவரை இல்லை. ஆனால் இவை அரிதானவை. இவற்றைச் சுமப்பவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு மனச்சிதைவு வருவதில்லை.

ஒரு பெருக்கல் கணக்கு

என் எண்ணத்தை நிரந்தரமாக மாற்றியது சி4 என்ற மரபணுவின் கதை. 6-ஆம் குரோமோசோமில், நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் பகுதியில், மனச்சிதைவோடு தொடர்புடைய ஏதோ ஒன்று இருக்கிறது என்பது 2009-லேயே தெரிந்துவிட்டது. அந்த நெரிசலில் அது எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. 2016 ஜனவரியில் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கரால், பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர், அஸ்வின் சேகரை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரையில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். சி4 மரபணு ஆளுக்கு ஆள் பிரதிகளின் எண்ணிக்கையில் மாறும். ஏ, பி என இரண்டு வகை. சிலருடையது நீளம், சிலருடையது குட்டை. என்றோ நம் முன்னோர் உடலில் நுழைந்து தங்கிவிட்ட ஒரு வைரஸின் துண்டு நடுவில் இருப்பதால் வந்த நீளம் அது. 60,000-க்கும் மேற்பட்டோரின் மரபுத் தகவல்களைப் பார்த்தபோது, எந்த அமைப்பு மூளையில் சி4ஏ புரதத்தைக் கூடுதலாகச் செய்ய வைக்கிறதோ, அதுவே நோய் வாய்ப்பையும் கூட்டியது.

அந்தப் புரதத்தின் வேலை என்ன என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உடலில் அது கிருமிகளின் மேல் ஒட்டிக்கொண்டு, இதை அழிக்கலாம் என்று எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் காட்டுகிறது. மூளையில் அதே அடையாளம் நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகளின் மேல் விழுகிறது, மைக்ரோக்ளியா என்ற செல்கள் வந்து அந்த இணைப்பை விழுங்குகின்றன. இது நோயல்ல, எல்லோர் மூளையிலும் நடந்தாக வேண்டிய வேலை. குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கிறது. விடலைப் பருவத்திலும் அதற்குச் சற்றுப் பிறகும் வேண்டாதவற்றைக் கழித்துவிடுகிறது. மல்லிகைத் தோட்டத்தில் கவாத்து செய்வது போல. அந்தக் கத்தரி சற்று ஆழமாகப் போய்விட்டால்? மனச்சிதைவு ஏன் பெரும்பாலும் 16 வயதிலிருந்து 30 வயதுக்குள் வருகிறது என்பதற்கு இப்படி ஒரு விளக்கத்தை இர்வின் ஃபைன்பெர்க் 1982-லேயே முன்வைத்திருந்தார். அப்போது அதைச் செய்யும் மூலக்கூறு எது என்று யாருக்கும் தெரியாது. சி4 இல்லாத எலிகளில் இந்தக் கழிப்பு வேலை குறைவாக நடப்பதை பாஸ்டன் குழு காட்டியது. அண்ணன் முதன்முதலாக அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, எதிர்வீட்டு ரேடியோ தன் பெயரைச் சொல்கிறது என்று நடுங்கிய வயது எனக்கு நினைவிருக்கிறது. சரியாக அந்தப் பருவம்தான்.

இதுதான் அது, இதுதான் என் அண்ணனுக்கு நடந்தது என்று நம்பிவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். பிறகு அட்டவணையைப் பார்த்தேன். மிகக் குறைந்த வாய்ப்புள்ள சி4 அமைப்பை 1 என்று வைத்தால், பரவலாகக் காணப்படும் அமைப்புகளில் மிக உயர்ந்த வாய்ப்புள்ளதன் அளவு 1.27. ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். 1,000 பேரில் 10 பேருக்கு வரும் நோய், 1,000 பேரில் 12 அல்லது 13 பேருக்கு வரும். அவ்வளவுதான். மக்களிடையே பரவலாக உள்ள மரபு வேறுபாடுகளில் அன்று வரை தெரிந்த மிக வலுவான தடயம், நாளிதழ்கள் மனச்சிதைவின் மரபணு என்று தலைப்புப் போட்ட கண்டுபிடிப்பு, ஆயிரம் பேரில் இரண்டு மூன்று பேரைத்தான் இந்தப் பக்கம் தள்ளுகிறது. அறிவியலுக்கு அது மாபெரும் வெளிச்சம், ஏனென்றால் நோய் எந்த வழியாக வருகிறது என்று காட்டுகிறது. ஒரு பெண்ணைப் பார்த்து இவளுக்கு வரும், வராது என்று சொல்ல அது உதவவே உதவாது. 2022-ல் சைக்கியாட்ரிக் ஜீனோமிக்ஸ் கன்சார்ஷியம் என்ற உலகளாவிய ஆய்வுக் கூட்டமைப்பு 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபுத் தகவல்களை ஆராய்ந்து, இப்படிப்பட்ட இடங்கள் 287 என்று வெளியிட்டது. இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும். இவற்றில் கணிசமானவை என்னிடமும் இருக்கின்றன, இதைப் படிக்கும் உங்களிடமும், எழுந்து போன அந்த வீட்டாரிடமும் இருக்கின்றன. இவற்றில் எதுவும் இல்லாத குடும்பம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

2020-ல் அதே மெக்கரால் குழு மேலும் ஒன்றைச் சொன்னது. மனச்சிதைவின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் அதே கூடுதல் சி4, உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் என்ற கொடிய நோயிலிருந்து காக்கிறது. அதுவும் சிறிய அளவில் அல்ல: சி4 அமைப்பைப் பொறுத்து லூபஸின் வாய்ப்பு 7 மடங்கு வரை மாறுகிறது. அதை ஒருவரிடமிருந்து பிடுங்கி எறிய முடிந்தால், எந்த நோயை அவருக்குத் தருகிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். கெட்ட ரத்தம் என்று ஒன்று உண்டென்று நம்புகிறவர்களிடம் இதை நான் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வடிகட்டிப் பார்த்த நாடு

சம்பந்தத்தைத் தவிர்ப்பது அவரவர் உரிமை, நோயைத் தடுக்கும் முன்னெச்சரிக்கை என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். அந்த முன்னெச்சரிக்கையை ஒரு நாடு அரசாணையாகவே செய்து பார்த்திருக்கிறது. இந்த நோய் குடும்பத்தில் எந்தக் கணக்கில் வருகிறது என்று முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ம்யூனிக்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் ரூடின், ஆண்டு 1916. அவரே 1933-ல் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். அந்தச் சட்டத்தில் மனச்சிதைவு பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருந்தது. சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். பிறகு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களைக் கொன்றே தீர்த்தார்கள். ஜெர்மனியில் மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலானோர் இப்படிக் கருத்தடைக்கோ கொலைக்கோ ஆளானதாக மதிப்பீடு. போருக்குப் பின் அதே நாட்டில் நடந்த ஆய்வுகளில் புதிதாக இந்த நோய்க்கு ஆளாவோரின் விகிதம் குறைந்திருக்கவில்லை. குறைய வழியே இல்லை. நோயாளிகளை அழிக்கலாம், எல்லோருக்குள்ளும் சிறுசிறு துளியாகப் பரவிக் கிடப்பதை எப்படி அழிப்பது?

நம்மூரில் எனக்குப் பெரும் வருத்தம் தருவது வேறொன்று. தாய்மாமனுக்கு நோய் என்பதற்காகப் பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் அதே சமூகம், அக்கா மகளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கத் தயங்குவதில்லை. அப்படிப் பிறக்கும் குழந்தையின் மரபணுத் தொகுப்பில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, இரண்டு பக்கமிருந்தும் ஒரே பிரதியாக வந்து சேர்கிறது. காது கேளாமை முதல் வளர்சிதை மாற்றக் கோளாறுகள் வரை எத்தனையோ பிறவி நோய்களுக்கு அது கதவு திறந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைப் பெண் பார்க்கும் படலத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சென்னையிலிருந்து வந்த ரத்தம்

இவ்வளவு எண்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. ஒருவரின் மரபு வேறுபாடுகளையெல்லாம் கூட்டி நோய் வாய்ப்பை மதிப்பிடும் மரபணு மதிப்பெண்ணை அவர்களை வைத்துக் கணக்கிட்டுவிட்டுத் தெற்காசியர் மேல் பொருத்தினால் துல்லியம் குறைகிறது. அதனால்தான் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு நெருக்கமானது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய, மனச்சிதைவுக்கான ஸ்கார்ஃப் அமைப்பும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. நோயாளிகள், அவர்களுடைய குடும்பத்தினர், நோயில்லாத மற்றவர்கள் என 3,000-க்கும் மேற்பட்டோர் ரத்தம் கொடுத்தார்கள். 8-ஆம் குரோமோசோமில், வைட்டமின் பி3 ஆகிய நியாசினை உடல் பயன்படுத்துவதில் பங்கேற்கும் ஒரு மரபணுவை நோக்கி அது விரல் நீட்டியது. இது தொடக்கத் தடயம்தான். இதைப் படித்துவிட்டு யாரும் வைட்டமின் மாத்திரையை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் உறவினருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நம் குடும்பங்களிலிருந்து இத்தனை பேர் கையை நீட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குச் சாதாரணச் செய்தி அல்ல.

அண்ணனுக்கும் ஊசி புதிதல்ல. மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் மாத்திரையை அவரைப் போலச் சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும் என்பதால் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அவர் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். பல வருடங்களின் பரிசோதனைச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஊசி நூல் கோத்துத் தைத்து, சிவப்புக் காலிகோ முதுகு வைத்துக் கெட்டி அட்டையில் புத்தகமாகக் கட்டி வைத்திருக்கிறார். ஓரங்கள் ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டியிருக்கும். புதிய மருத்துவர் யாராவது பழைய விவரம் கேட்டால் அந்தப் புத்தகத்தைத்தான் மேசையில் வைப்பார்.

அக்கா மகளும் நானும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசனை சொல்லும் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். "எனக்குப் பிறக்கும் குழந்தைக்கு?" என்று அவள் நேரடியாகவே கேட்டாள். பொதுமக்களில் 100-க்கு 1 என்றால் உங்கள் குழந்தைக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போகாது என்றார் அவர். பிறகு அவர் கேட்ட கேள்விகள், எழுந்து போனவர்கள் கேட்டிருக்க வேண்டியவை. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா, எந்த வயதில் தொடங்கியது, மாமாவுக்குப் பிறவியில் இதயக் கோளாறோ பிளந்த அண்ணமோ கற்றல் குறைபாடோ உண்டா, ரத்தத்தில் கால்சியம் குறைவாக இருந்ததுண்டா. கடைசி இரண்டு கேள்விகளும் 22கியூ11.2 என்ற குரோமோசோம் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று அறிவதற்கானவை. அது விடுபட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. அங்கே மட்டும் பரிசோதனைக்கு உண்மையான பயன் இருக்கிறது. அண்ணனுக்கு அவற்றில் எதுவும் இல்லை. ஆன்லைனில் எச்சில் மாதிரி அனுப்பி வாங்கும் மரபணு ரிப்போர்ட்டுகள் இதற்கு வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார். குடும்பத்தில் விடலைப் பருவத்தில் இருக்கும் பிள்ளைகள் கஞ்சாவைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூக்கம் கெட்டு, நண்பர்களை விட்டு விலகி, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லத் தொடங்கினால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் அந்த வாரமே அழைத்து வாருங்கள் என்றார். அண்ணனை நாங்கள் முதலில் அழைத்துப் போனது மந்திரிக்கிறவரிடம், பிறகு ஒரு கோயிலுக்கு. மருத்துவரிடம் போவதற்குள் நோய் நன்றாக வேர்விட்டிருந்தது. சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் மீட்சியைக் கடினமாக்குகிறது என்பது இந்தத் துறையில் பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி.

அடுத்து பேச வருகிறவர்களிடம் மாமாவைப் பற்றி முதல் சந்திப்பிலேயே, எண்களோடு, தானே சொல்லிவிடப் போவதாக அவள் முடிவு செய்திருக்கிறாள். அக்காவுக்கு அதில் இன்னும் சம்மதமில்லை. இந்த விஷயத்தில் நான் அவள் பக்கம்.